சிங்கப்பூரா, துபாயா? வேலை போகும் நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்

கிண்டியிலோ ஓ.எம்.ஆரிலோ ஒரு வெளிநாட்டு வங்கியின் அலுவலகத்தில் ஐந்தாறு வருடம் ரிஸ்க், ஆடிட் என்று ஓட்டியவர்களுக்கு அடுத்த கனவு பெரும்பாலும் சிங்கப்பூர் அல்லது துபாய். இரண்டு ஊரிலிருந்தும் ஆஃபர் வந்துவிட்டால் உடனே வரிக் கணக்கு தொடங்கிவிடும். துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, சிங்கப்பூரில் உண்டு. ஆகவே துபாய் என்று முடித்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 1,20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால், அங்கு வசிப்பவர் கட்டும் வரி 7,950 வெள்ளி. ஏழு சதவீதம்கூட வரவில்லை. வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் சேர்ந்தால் இந்த வித்தியாசம் எந்தப் பக்கமும் புரண்டுவிடும். நிதித்துறையில் ஆட்குறைப்பு புதிதல்ல. வேலை போனால் எந்த ஊரில் கையில் என்ன நிற்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

சிங்கப்பூரில் உங்கள் இருப்பு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியைப் பொறுத்தது. நிதித்துறைக்கு 2025 ஜனவரியில் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 6,200 வெள்ளி. வயது கூடக் கூட இந்த வரம்பும் கூடும், அரசும் அவ்வப்போது உயர்த்துகிறது. அதற்கு மேல் ‘காம்பஸ்’ என்ற மதிப்பெண் முறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். இதில் உங்கள் சம்பளமும் பட்டமும் மட்டும் எண்ணப்படுவதில்லை. நிறுவனத்தில் எத்தனை உள்ளூர்க்காரர்கள், உங்கள் நாட்டவர் ஏற்கெனவே எத்தனை பேர் என்பதும் சேரும். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நிறுவனத்தின் புள்ளி குறைந்தால் புதுப்பிப்பு இழுபறியாகலாம். இன்டர்வியூவிலேயே அதைக் கேட்டுவிடுவதில் தவறில்லை.

வேலை முடிந்து பாஸ் ரத்தானால் வழக்கமாக 30 நாள் தங்கலாம். பலருக்குத் தெரியாத சங்கடம் ஒன்று உண்டு. வெளிநாட்டு ஊழியர் விலகப்போவதை நிறுவனம் ஒரு மாதம் முன்பே வரித்துறைக்குச் சொல்லி, அவருக்குத் தர வேண்டிய பணத்தை வரி தீரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். கடைசிச் சம்பளத்தை நம்பி வாடகைக்கு வாக்குக் கொடுத்தால் திண்டாட்டம்தான். எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சம்பள பாக்கி இருந்தால், மேலாளர் பதவியில் இருப்பவரும் விலகிய 6 மாதத்துக்குள் ‘டாடம்’ சமரச மையத்தில் முறையிடலாம்.

துபாயில் முதலில் பார்க்க வேண்டியது நிறுவனத்தின் முகவரி. துபாய் சர்வதேச நிதி மையத்துக்குள் இருந்தால், அந்த மையத்தின் சொந்த வேலைவாய்ப்புச் சட்டமும் நீதிமன்றமும் பொருந்தும். வெளியே இருந்தால் 2021-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தொழிலாளர் சட்டம். ஊர் ஒன்று, கெடு இரண்டு: மையத்துக்குள் பொதுவாக வேலை முடிந்த 6 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும், வெளியே 2 ஆண்டு அவகாசம் உண்டு.

பணிக்கொடையும் அப்படியே. கூட்டரசுச் சட்டப்படி ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள், பிறகு 30 நாள் அடிப்படைச் சம்பளம். அலவன்ஸ் எதுவும் இதில் சேராது. மொத்தத் தொகையைக் காட்டி மயக்கிவிட்டு பேசிக்கைச் சுருக்கி எழுதும் ஆஃபர்கள் உண்டு. அந்த ஒரு வரியைப் பேரம் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மையத்துக்குள் இருப்பவருக்கு நிறுவனம் மாதாமாதம் பேசிக்கில் 5.83 சதவீதம், ஐந்தாண்டுக்குப் பிறகு 8.33 சதவீதம் சேமிப்பு நிதியில் கட்டுகிறது. நிறுவனம் நொடித்தாலும் அந்தப் பணம் தனியே இருக்கும். எனக்கு இதுதான் நல்ல ஏற்பாடாகப் படுகிறது.

ஊழியரின் மருத்துவக் காப்பீடு துபாயில் நிறுவனத்தின் கடமை. ஆனால் கடனில் கவனம் வேண்டும். சம்பளத்தை நம்பிக் கார் கடன், பர்சனல் லோன் என்று வாங்கிக் குவித்து, வேலை போனதும் விமானம் ஏற நினைத்தால் நீதிமன்றப் பயணத் தடை வழிமறிக்கலாம்.

போனஸ் எங்கே போனாலும் ஒரே கதை. ‘நிறுவனத்தின் விருப்பப்படி’ என்று எழுதியிருந்தால் அது உரிமையல்ல. ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பதையும் படியுங்கள். சிங்கப்பூர் பக்கம் இன்னும் ஒன்று: மகனோடு அங்கே போய்ப் பெற்றோர் வழியாக அவனுக்கும் நிரந்தரவாசம் வாங்கினால், அவனுக்குத் தேசிய சேவைக் கடமை வந்து சேரும். அதை விண்ணப்பிக்கும் முன் வீட்டில் பேசியாக வேண்டும்.

வேலைக்காகப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஊழியரிடம் நிறுவனம் பணம் கறப்பது இரண்டு நாட்டிலும் சட்டவிரோதம். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அவர் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். ‘முதலில் விசிட் விசாவில் வாருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்பவரிடம் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்களா? வங்கிப் பரிமாற்றச் சான்று, வாட்ஸ்அப் உரையாடல், ஆஃபர் கடிதம் மூன்றையும் பத்திரப்படுத்தி, சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் காவல்துறையிலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.