கல் ஒன்றுதான், காரணம் வேறு

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் ராத்தாவின் மகனுக்கு வயது 22. மேல்வயிற்றில் குத்தி முதுகுக்கு ஓடுகிற நோவு பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உண்டு. 'கேஸ்' என்று விட்டுவிட்டோம். போன வருஷம் சீனியும் ஏற, ஸ்கேன் எடுத்தோம். சதையி நிறையக் கல். (தமிழகத்தார் கணையம் என்பது இதைத்தான்.) படத்தைப் பார்த்தவர் எங்கள் எல்லோர் முன்னாலும், "தம்பி, எவ்வளவு காலமாகக் குடிக்கிறீர்?" என்றார். கேட்டது பிழையல்ல, கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை நம்பாததுதான் பிழை. வெள்ளவத்தையிலிருந்து நான் போனதும் ராத்தா முதலில் கேட்டது, "நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?"

அதன்பிறகு தேடி வாசித்ததைச் சொல்கிறேன்.

நாற்பட்ட சதையி அழற்சி ஒரே நோயல்ல. எல்லா வகையிலும் நொதி சுரக்கும் கலங்கள் அழிந்து, அந்த இடத்தில் தழும்பான நாரிழையம் படர்கிறது. எங்கே படர்கிறது, கல் எங்கே சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு. மதுவால் வருவதில் தழும்பு பெரும்பாலும் திட்டுத்திட்டாக, சோணைகளைச் சுற்றி வேலி அடைத்தாற்போல் தொடங்கும். சிறு கான்களில் புரதம் கட்டியாகி, அதில் கல்சியம் படிந்து சிறு கற்களாகும். எங்கள் வெப்ப நாடுகளின் வகையில் பிரதான கானே அகன்று, அதற்குள் பெரிய கற்கள் அடைந்திருக்கும், சுரப்பி சுருங்கிவிடும். இன்சுலின் சுரக்கும் தீவுகளும் தழும்பில் அகப்படுவதால் இள வயதிலேயே சீனி வருத்தம் வருகிறது.

மூன்றாவதொன்று, உடலின் காவற்கலங்களே சதையியைத் தாக்குவது. இதற்கு இன்றைய பெயர் ஜப்பானில் 1995இல் வந்தது. கல் அரிது. கான்களைச் சுற்றிக் காவற்கலங்கள் மொய்க்கும், தழும்பின் இழைகள் பாய் முடைந்தாற்போல் சுழன்று கிடக்கும், சிறு நாளங்கள் அடைபடும். படத்தில் புற்றுநோய்க் கட்டிபோலத் தெரிவதால் வெட்டி எடுக்கப்பட்டவர்களும் உண்டு. உண்மையில் ஸ்டீரொயிட்டுக்கே வற்றக்கூடியது.

வெப்ப நாட்டு வகையை இந்தோனேசியாவில் சுய்டெமா 1959இல் எழுதினார். பின்னர் கேரளத்தில் டொக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளரை ஆராய்ந்தார். மரவள்ளிக் கிழங்கில் பழி விழுந்தது. ஆனால் கிழங்கே தின்னாதவர்களுக்கும் இது வந்தது. 2000க்குப் பிறகு, இந்திய, வங்காளதேச நோயாளர் பலரிடம் ஸ்பிங்க்-1 என்ற பரம்பரையலகில் மாற்றம் கண்டார்கள். சதையிக்குள்ளேயே நொதி விழித்துவிடாமல் தடுக்கும் புரதத்தை ஆக்குவது அதுதான். எல்லோரிடமும் அந்த மாற்றம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நோய் முற்றினால் நுணுக்குக்காட்டியில் எல்லாத் தழும்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அதனால் இழையத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. வயது, கானின் அகலம், கல்லின் பருமன், வாழ்க்கை எல்லாம் சேர்த்தே பார்க்க வேண்டும். சிகரெட் எந்த வகையையும் மோசமாக்கும். அதை மருமகன் ஒத்துக்கொண்டான், விட்டும்விட்டான்.

இன்னொரு சங்கடம். சமிபாட்டுக்குக் கொடுக்கும் நொதிக் குளிசை பன்றியின் சதையியிலிருந்து எடுப்பது. ராத்தா தொடவே மாட்டேன் என்றாள். டொக்டரிடம் மாற்று உண்டா என்று விசாரித்து, இல்லை என்றானதும் பள்ளி மௌலவியிடம் போனோம். நிர்ப்பந்தத்தின் சட்டத்தை அவர் விளக்கினார். இப்போது ஒவ்வொரு சாப்பாட்டோடும் அவளே எடுத்துக் கொடுக்கிறாள். பிள்ளையின் நிறை கூடியிருக்கிறது. இன்சுலின் ஊசி தொடர்கிறது.