தாதியும் இயற்கை மருத்துவமும்: ஒருவரே இரண்டையும் ஏற்கலாமா?

சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவள். பின்னர்த் தாதியர் பயிற்சி பெற்று, இன்று அரசு மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகிறாள். "ஐயா, இயற்கை மருத்துவமும் படிக்கலாம் என்றிருக்கிறேன். தாதி வேலையை விடாமல் அதையும் செய்ய முடியுமா?" என்று கேட்டாள். அவளுக்கு உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். இத்தகைய கேள்வியோடு நம் மாணவர்கள் நம்மிடந்தான் வருகிறார்கள். ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கும் பயன்படும் என்று கருதி, நான் படித்தறிந்ததை இங்கு எழுதுகிறேன்.

இயற்கை மருத்துவம் என்பது யாது? உடலுக்குத் தன்னைத்தானே சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் உண்டு. உணவு, நீர், காற்று, வெயில், உடற்பயிற்சி, ஓய்வு ஆகியவற்றால் அவ்வாற்றலுக்குத் துணைசெய்வதே மருத்துவம் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. நம்மவர் பலர் இதனைச் சித்த மருத்துவத்தோடும் நாட்டு மருந்தோடும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வர். அவை வேறு, இது வேறு. இன்று இப்பெயரால் வழங்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருப்பெற்றது. செபாஸ்டியன் கினைப் (1821–1897) என்னும் பவேரியப் பாதிரியார் நீர்ச் சிகிச்சையால் பெரும்புகழ் பெற்றார். லூயிஸ் கூனே, அடால்ஃப் யூஸ்ட் ஆகியோரின் நூல்கள் இந்தியாவை எட்டின. அவற்றைப் படித்துத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த காந்தியடிகள், 1946இல் பூனாவை அடுத்த உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமம் ஒன்றைத் தோற்றுவித்தார்.

இனி, ஒருவரே இரு தொழில்களை ஏற்பது புதிய செய்தியன்று. அமெரிக்காவின் ஜான் ஹார்வி கெல்லாக் (1852–1943) முறையாக மருத்துவப் பட்டம் பெற்றவர், அறுவை மருத்துவருமாவார். அவர்தாம் பேட்டில் கிரீக் நகரச் சுகாதார நிலையத்தில் உணவு, நீராடல், உடற்பயிற்சி ஆகியவற்றையே முதன்மையாக்கினார். அவர் கூறிய யாவும் பிற்கால ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஜான் பாஸ்டியர் (1912–1995) இயற்கை மருத்துவத்தோடு முதுகெலும்புச் சீரமைப்பும் பயின்று, பிரசவமும் பார்த்து வந்தவர். இன்று ஜெர்மனியில் பட்டம் பெற்ற மருத்துவர், இயற்கைச் சிகிச்சை முறைகளில் மேற்பயிற்சி பெற்று, அதனைத் தம் பெயருடன் கூடுதல் தகுதியாக இட்டுக்கொள்ளலாம். இந்தியாவில் இயற்கை மருத்துவமும் யோகமும் இணைந்த பட்டப்படிப்பு 5½ ஆண்டு. அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென அரசுக் கல்லூரியே உள்ளது. சில கிழமை வகுப்பில் கைக்கு வந்துவிடும் வித்தை அன்று இது என்பதை நம் மாணவர்க்கு முதலில் உணர்த்த வேண்டும்.

இவ்விரண்டும் சேர்வதால் நன்மை உண்டா? உண்டு என்பதற்கு நீரிழிவே சான்று. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர் 100 பேரில் ஏறத்தாழ 18 பேர் நீரிழிவு உடையோர். இந்தியரிடையே அந்தத் தொகை இன்னும் மிகுதி. நீரிழிவின் வாயிலில் நிற்போர் 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2002இல் வெளியாயிற்று. உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் மேற்கொண்டோரிடம் நோய் தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை உண்டோரிடம் 31 விழுக்காடே குறைந்தது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்விலும், வாழ்க்கை முறை மாற்றத்தால் 28.5 விழுக்காடு குறைவு காணப்பட்டது. ஆயினும் ஒன்றைக் கருத்தில் இருத்துக: இவை நோய் வருமுன் காத்த கதைகள். வந்த நோய்க்கு மருந்தை விட்டுவிடலாம் என்று இவை கூறவில்லை.

இந்த வேறுபாட்டை நான் அறியாதிருந்த காலத்தில் நடந்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருந்தார், நீரிழிவுக்காரர். பட்டணத்தில் இயற்கை வைத்தியம் செய்யும் ஒருவரைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். "போய்த்தான் பாருங்களேன், அண்ணே" என்று அவரை அனுப்பியவன் நானே. தேநீரில் சீனியைக் குறைத்தார், காலையில் நடந்தார், உடம்பும் சற்றுத் தெளிந்தது. ஆனால் அங்கே மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சில மாதம் கழித்துப் பாதத்தில் ஒரு புண். நீரிழிவால் நரம்பு மரத்திருந்தமையால் அவருக்கு வலியே தெரியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க நேர்ந்தது. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய பாரம்.

பின்னர் நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். அந்த வைத்தியரிடத்தில் ஒரு தாதியின் அறிவும் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் நாளே பாதத்தைச் சோதித்திருப்பார். மாத்திரையை நிறுத்துமுன் மருத்துவரைக் கேட்டிருப்பார். நோன்புச் சிகிச்சை நல்லதென்பர். ஆனால் இன்சுலின் போடுபவரோ கிளிக்லசைடு மாத்திரை உண்பவரோ பட்டினி கிடந்தால், இரத்தச் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். இளநீரும் பழச்சாறும் நல்லவைதாம். ஆயினும் சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். மலாய்க்காரர் பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழம் அத்தகையோர்க்கு நஞ்சாகவே முடியும். ஒருவர்க்கு உணவாவது மற்றவர்க்கு ஊறாகும் இடத்தைக் காண, இரண்டு கண்ணும் வேண்டும்.

ஆனால் இரட்டைத் தகுதிக்கு இரட்டைப் பொறுப்பும் உண்டு. வெள்ளைச் சீருடை அணிந்தவள் ஒன்றைச் சொன்னால், அது மருத்துவமனையே சொன்னது என்று நோயாளி நம்புவார். ஆகவே என் மாணவிக்கு நான் கூறிய நெறிகள் மூன்று.

முதலாவது, எந்நேரத்தில் எத்தொழிலில் நிற்கிறாய் என்பதை நோயாளிக்குத் தெளிவாகச் சொல். பணி நேரத்தில் படுக்கையில் கிடக்கும் நோயாளியை உன் சொந்தச் சிகிச்சைக்கு அழைக்காதே. அவருக்கு எண்ணெயோ சத்துமாவோ விற்காதே. அறிவுரை கூறுபவரே விற்பவருமாயின், அறிவுரையின் நேர்மை ஐயத்துக்குரியதாகும்.

இரண்டாவது, மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தும் உரிமை உனக்கில்லை. நோயாளி உண்பவை யாவை என்று கேட்டு எழுதி, அதனை மருத்துவருக்குத் தெரிவி. மறைத்துச் செய்யும் சிகிச்சை எதுவாயினும் தீங்கே.

மூன்றாவது, சட்டத்தை அறிந்து நட. அரசு ஊழியர் வேறு தொழில் செய்வதற்கு எழுத்து மூலம் முன்னனுமதி பெற வேண்டும். மலேசியாவில் 2016ஆம் ஆண்டில் பாரம்பரிய, துணைநிலை மருத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் ஏற்கப்பட்ட துறைகள் ஏழு: மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இசுலாமிய மருத்துவ முறை. இயற்கை மருத்துவம் அவ்வேழனுள் தனித் தலைப்பாக இல்லை. ஆகையால், எந்தக் கல்லூரியிலும் பணம் கட்டுமுன், அப்பட்டத்தைக்கொண்டு இந்நாட்டில் பதிவு பெற இயலுமா என்று சுகாதார அமைச்சிடம் கேட்டறிவது கட்டாயம். சிங்கப்பூரிலும் சீன மருத்துவர்க்கென 2000ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவேடும் உள்ளன. ஒரு தொழிலின் பதிவு மற்றொரு தொழிலுக்குச் சீட்டாகாது.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதன் இறுதிக் குறளைச் சற்று நிறுத்திக் கற்பிக்கலாம். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு வள்ளுவர் நிற்கவில்லை. அருகிருந்து துணைசெய்பவரையும் நான்காவதாகச் சேர்த்தே மருத்துவம் என்றார். இரவெல்லாம் விழித்திருந்து பார்ப்பவரின் பணி எத்துணை உயர்ந்தது என்பதை அவர் அன்றே கண்டார். உணவையும் ஒழுக்கத்தையும் எடுத்துச் சொல்ல, நோயாளியின் அருகில் இருப்பவரைவிடத் தக்கவர் யாவர்?

"அப்படியானால் படிக்கலாம் என்கிறீர்களா, ஐயா?" என்று அவள் மீண்டும் கேட்டாள். "படி அம்மா; ஆனால் தாதியாக இருந்துகொண்டே படி" என்றேன். பிறகு அவளை அழைத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அந்த முதியவர் வாசலில் ஊன்றுகோலோடு அமர்ந்திருந்தார். அவள் ஒன்றும் பேசாமல் தரையில் அமர்ந்து, அவருடைய மற்றொரு காலை எடுத்துத் தன் மடிமீது வைத்து, விரல் விரலாகச் சோதிக்கலானாள்.