மே மாதத்துக்குக் காத்திருக்கலாமா?

மேல்நிலைப் பரீட்சையின் முடிவு வருஷந்தோறும் மே மாதத்தில் வெளியாகிறது. அன்று மாலையே, சிங்கம்புணரியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், நன்றாகத் தேறிய பிள்ளைகளின் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: "இனி எங்கே சேர்ப்பது?" கேள்வி நியாயமானதே, அது எழும் காலந்தான் தவறு. பிள்ளை 600-க்கு 560 மார்க்கு வாங்கியிருக்கலாம். உபாத்தியாயர்கள் மெச்சலாம். ஆனால் தேசத்தின் பெரிய கலாசாலைகள் பலவற்றுக்கு மனுச் செய்யும் காலம் அதற்கு முன்பே கழிந்துபோயிருக்கும்.

கணக்கை நேயர்களே பார்க்கட்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. முதலியவற்றுக்கு வழியான ஜே.இ.இ. பரீட்சையின் முதல் தவணை ஜனவரியில் நடக்கிறது. அதற்கு மனுச் செய்யும் காலம் முந்திய வருஷத்துக் கடைசியிலேயே முடிகிறது. திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியச் சட்ட சர்வகலாசாலையில் சேர வேண்டுமானால் டிசம்பரில் நடக்கும் கிளாட் பரீட்சையை எழுதியிருக்க வேண்டும். திருவாரூர் மத்திய சர்வகலாசாலைக்குக் கியூட் பரீட்சை. வைத்தியப் படிப்புக்கு நீட். இவ்விரண்டுக்கும் மேல்நிலைப் பரீட்சையின் முடிவு வருவதற்கு வெகு முன்பே மனுச் செய்துவிட வேண்டும். சென்னைக் கணிதக் கழகத்துக்குத் தனிப் பரீட்சை உண்டு. மே மாதத்தில் கண் விழிக்கும் குடும்பத்துக்கு எஞ்சுபவை அரசாங்கக் கலைக் கல்லூரிகளும், எஞ்சினீயரிங் கலந்தாய்வும், வாசலில் வந்து நிற்கும் தரகர்களுமே. முன்னிரண்டையும் நாம் குறைவாகச் சொல்லவில்லை. அவற்றில் படித்து உயர்ந்தவர்கள் ஏராளம். வேறு வழி உண்டென்பது தெரிந்து அவற்றைத் தேர்ந்தெடுப்பது ஒன்று, தெரியாமல் அவற்றில் போய் விழுவது வேறு.

இந்தச் சீமைக்கு முன்யோசனை புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடந்த காலத்தில், பையன் கப்பலேறுவதற்கு முன்பே அவனுக்குக் கணக்கும் கையெழுத்தும் வாயிதாவும் பழக்கப்பட்டன. பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, பின் மேலாளாவதற்கு இத்தனை வருஷம் என்ற கணக்குக்கூட வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப. சிங்காரம் 1938-இல் மேடான் நகருக்குக் கடைவேலைக்குப் போனவர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே 'புயலிலே ஒரு தோணி' என்ற நாவல். பிற்காலத்தில் தம் சேமிப்பை ஏழை மாணவர்களின் படிப்புக்கென்று கொடுத்துவிட்டுப் போனார் அவர். கடைக்குப் பையனை அனுப்ப நம் முன்னோர் செய்த ஏற்பாட்டில் காற்பங்கேனும் சர்வகலாசாலைக்கு அனுப்ப நாம் செய்கிறோமா?

சொல்ல ஆளில்லாமற் போனால் எப்பேர்ப்பட்ட புத்திசாலியும் வழி தவறுவான் என்பதற்கு நம் ஜில்லாவிலேயே சாட்சி இருக்கிறது. 1985-இல் சிவகங்கை தனி ஜில்லாவாகும் வரை சிங்கம்புணரி ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவின் ராமேசுவரத்தில் பிறந்தவர் அப்துல் கலாம். திருச்சிராப்பள்ளி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் இண்டர்மீடியேட் தேறியபின் அவர் பௌதிக பி.எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்தார். மேற்படிப்பில் வேறு துறைகள் உண்டென்பதோ, விஞ்ஞானம் படித்தவனுக்கு என்னென்ன வேலைகள் உண்டென்பதோ அப்போது தமக்குத் தெரியாது என்று அவரே எழுதியிருக்கிறார். தமக்கு ஏற்றது எஞ்சினீயரிங் என்பதை பி.எஸ்ஸி. பட்டம் பெற்ற பிறகுதான் கண்டுகொண்டார். பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது; சேர்வதற்குச் சுமார் 1000 ரூபாய் வேண்டியிருந்தது. சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சகோதரியின் தியாகத்தை எல்லோரும் போற்றுகிறோம், போற்ற வேண்டியதுதான். ஆனால் இண்டர்மீடியேட் முடிந்த அன்றே ஒருவர் அருகில் உட்கார்ந்து வழி சொல்லியிருந்தால், சுற்றுவழி மிச்சமாகியிருக்கும் என்பதை யாரும் பேசுவதில்லை. கலாம் தப்பினார். தப்பாதவர்களின் பெயர் நமக்குத் தெரியவா போகிறது?

அந்த நாளில் கலாசாலைகளே குறைவு என்று சொல்லலாம். இந்தச் சீமையில் அக்குறையைத் தீர்த்தவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். 1947-இல் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், செல்வந்தர்கள் கலாசாலைகளை நிறுவ முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொள்ள, அந்த வருஷம் ஆகஸ்டு மாதமே காரைக்குடியில் அழகப்பரின் கல்லூரி திறந்தது. மத்திய மின்ரசாயன ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் கொடுத்தார். 1948-இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார்; 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்நிலையத்துக்குள்ளேயே ரசாயன, மின்ரசாயன எஞ்சினீயரிங்கில் பி.டெக். வகுப்பு 1988-இல் தொடங்கப்பெற்றது. லித்தியம் பாட்டரிக்காக 2019-இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகம் முழுவதும் மின்சார வண்டிக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அந்த சாஸ்திரத்தின் ஆராய்ச்சிக்கூடம் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. சிங்கம்புணரியில் ரசாயனத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவனை அழைத்து, அந்நிலையத்தில் என்ன நடக்கிறதென்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் விடை சொல்வார்களோ!

மேனாட்டிலும் இந்தச் சங்கடம் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை 2015-இல் ஒரு சோதனை செய்தது. ஏழைக் குடும்பங்களில் நன்றாகப் படிக்கும் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, "இங்கே இடம் கிடைத்தால் நான்கு வருஷமும் உனக்குப் போதனைக் கட்டணம் இல்லை" என்று கடிதம் எழுதிற்று. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சலுகை கடிதமில்லாமலே கிடைக்கக்கூடியது என்பது கவனிக்கத்தக்கது. கடிதம் பெறாதவர்களில் நூற்றுக்கு 26 பேர் மனுச் செய்தார்கள்; பெற்றவர்களில் 68 பேர். சேர்ந்தவர்கள் 12-லிருந்து 27-ஆக உயர்ந்தார்கள். அதே நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் பொதுப்படையான தகவல்களை அனுப்பிப் பார்த்ததில் பலன் ஏற்படவில்லை. "உனக்கு இது உண்டு" என்று பெயர் சொல்லி, உறுதியாக, உரிய காலத்தில் சொன்னதே வேலை செய்தது.

நம் பிள்ளைகளுக்கு உண்டானவை என்ன? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு வைத்தியப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடம் என்று 2020-இல் சட்டம் வந்தது. 2021-இல் எஞ்சினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அவ்வாறு சேருகிறவர்களின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் சர்க்காரே ஏற்கிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கயிற்றுத் தொழிலில் நாள் முழுதும் உழைக்கும் தகப்பனார் ஒருவர், பிள்ளை கெட்டிக்காரன் என்று கண்டு, கடன் வாங்கி ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்போடு செய்கிற அக்காரியத்தால் பிள்ளையின் அந்த உரிமை அன்றே போய்விடுகிறது! மாற்றவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. போகிறது இன்னதென்று தெரிந்து மாற்றட்டும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவனுக்குத் தொழிற்படிப்பில் போதனைக் கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. அதற்குத் தாசில்தார் அத்தாட்சி வேண்டும், அதை ஜூன் மாத நெரிசலில் தேடக்கூடாது. அரசாங்கப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதலும் பையனுக்கு 2024 முதலும் மாதம் 1000 ரூபாய் உபகாரச் சம்பளம் ஏற்பட்டது. ஐ.ஐ.டி. பணக்காரர் படிப்பென்பது ஊரார் எண்ணம். வருஷ வருமானம் 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அங்கே போதனைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 5 லட்சத்துக்கு உட்பட்டால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி.

தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். உண்மையில் முதல் தேர்தல் பதினோராம் வகுப்பிலேயே நடந்துவிடுகிறது. பதினைந்து வயதில் கணக்கை விட்டவனுக்கு எஞ்சினீயரிங் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. அந்தப் பிரிவை அவன் எடுப்பதோ, பக்கத்து வீட்டு நண்பன் எடுத்தான் என்பதற்காக! எஞ்சினீயரிங் கலந்தாய்வில் கணக்குக்கு 100, பௌதிகம் ரசாயனம் இரண்டுக்கும் சேர்த்து 100, ஆக 200-க்கு வரிசை போடுகிறார்கள். மாணவன் தன் விருப்பங்களை வரிசையாக எழுதிக் கொடுக்க, அவன் தரத்துக்குக் கிட்டும் மேலான விருப்பம் அவனுக்கு ஒதுக்கப்படுகிறது. ஆகவே மிகவும் விரும்புவது மேலே இருக்க வேண்டும். கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சி அதைக் கீழே தள்ளுவதும், ஐந்தாறு கல்லூரிகளோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. எந்த மார்க்குக்கு எந்த இடம் சென்ற வருஷம் கிடைத்தது என்ற பட்டியலும், தன் கல்லூரிகளில் எத்தனை பேர் தேறினார்கள் என்று அண்ணா சர்வகலாசாலை வெளியிடும் கணக்கும் பகிரங்கமானவை. தரகர் காட்டும் வர்ணப் படங்களை விட்டு அவற்றைப் பார்த்தால் பாதி மயக்கம் தெளியும். தரகரின் கூலி கல்லூரியிலிருந்து வருகிறது என்பதைப் பெற்றோர் மறவாதிருந்தால் மீதியும் தெளியும்.

பெண்கள் விஷயத்தில் பெரும்பாலும் பஸ் மார்க்கமே படிப்பை நிச்சயிக்கிறது. மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்பக்கூடிய கல்லூரி எதுவோ, அதில் இருக்கும் பாடமே பெண்ணின் பாடம். தகப்பனாரின் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. விடுதியை நேரில் போய்ப் பார்த்து, அங்கே படிக்கும் பெண்களோடு பேசிவிட்டு, பிறகு முடிவு செய்யும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறோம்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. 'கல்லூரிக் கனவு' என்ற கூட்டங்கள் ஜில்லாதோறும் நடந்தன. ஆனால் பெரிய மண்டபத்தில் ஆயிரம் பேரோடு உட்கார்ந்து கேட்ட பிள்ளை, தன் வீட்டுக் கஷ்டத்தை அங்கே எழுந்து சொல்லுமா? அதற்கு ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். சிங்கம்புணரியில் படித்து வெளியூர் போன எஞ்சினீயர்கள், வைத்தியர்கள், வக்கீல்கள், கல்லூரி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சேவுகப்பெருமாள் ஐயனார் கோயில் திருவிழாவுக்கு வரத் தவறாதவர்கள் அவர்கள். பள்ளித் தலைமையாசிரியர் பத்துப் பேருக்குக் கடிதம் எழுதட்டும். ஆளுக்கு ஐந்து பிள்ளைகள். பதினோராம் வகுப்பிலிருந்து இரண்டு வருஷம். மாதம் ஒரு முறை டெலிபோனில் பேச்சு. மனுச் செய்யும் தினத்தன்று பக்கத்தில் ஒருவர். இதற்கு நிதியோ சங்கமோ வேண்டியதில்லை.

காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருகிறது. ஜே.இ.இ. மனுக்கள் அதற்கடுத்த வாரங்களில் தொடங்குவது வழக்கம். முதல் கூட்டத்தை அந்த விடுமுறையிலேயே வைக்கலாம். பெற்றோர்களும், முக்கியமாகத் தாய்மார்களும், வரும்படியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில்.