டெங்குக் காய்ச்சலும் இரத்தத்தின் நொதிக் கணக்கும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். டெங்குக் காய்ச்சலோ அப்போதுதான் தன் வேலையைத் தொடங்கும். எக்கியார்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் ஒருவர் காய்ச்சலாய்ப் படுத்தால், இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று வீடு வந்து சேருகிறது. அதிலுள்ள எண்களைக் கண்டு குடும்பத்தார் கலங்குவதும் உண்டு. வீணே ஆறுதல் கொள்வதும் உண்டு. ஆகையால், அத்தாளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று குறிக்கப்படும் இரு எண்களைப் பற்றி அங்கத்தினர்களுக்கு விளக்க விரும்புகிறோம். இவற்றையே ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்றும் முறையே எழுதுவர்.

இவை நொதிகள். உயிரணுக்களுக்குள் இருந்துகொண்டு இரசாயன வேலைகளை நடத்தி வைப்பவை. சங்கத்தின் நூல் சிப்பம் கிடங்கிற்குள் இருக்க வேண்டியது. அது தெருவில் கிடக்குமாயின், கிடங்கின் சுவர் எங்கோ இடிந்துள்ளது என்று அறிகிறோம் அல்லவா? அவ்வாறே உயிரணு சிதையும்போது நொதி இரத்தத்தில் கசிகிறது. நலமாயுள்ளவர் இரத்தத்தில் இது பொதுவாக லிட்டருக்குச் சுமார் 40 யூனிட்டுக்குள் இருக்கும். மாரடைப்பு நோயாளரிடம் எஸ்.ஜி.ஓ.டி. உயர்வதை அமெரிக்க மருத்துவர்கள் 1954-இல் வெளியிட்ட பின்னரே இச்சோதனை மருத்துவ உலகில் பரவலாயிற்று.

டெங்கு நம் நாட்டிற்குப் புதியதன்று. 1956-இல் வேலூரில் இந்நோய் கண்டறியப்பட்டது; 1963-இல் கல்கத்தாவில் இரத்தக்கசிவுடன் கூடிய டெங்கு பெருவாரியாகப் பரவியது. இக்கிருமி கல்லீரலையும் தாக்குவதால் இரு நொதிகளும் உயருகின்றன. எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரல் என்னும் ஒரே கிடங்கின் சரக்கு. எஸ்.ஜி.ஓ.டி.யோ தசை, இருதயம், இரத்தச் சிவப்பணு ஆகியவற்றிலும் உள்ளது. ஆகவே டெங்குவில் பெரும்பாலும் இதுவே மற்றதைவிட அதிகமாய்க் காணும். நோயின் ஒரு வாரத்தையொட்டி உச்சத்தை அடைந்து, பின்னர் சில வாரங்களில் இறங்கிவிடும்.

நூறு, இருநூறு என்ற அளவு பல நோயாளரிடம் காணப்படுவதே. இவற்றுள் ஏதேனும் ஒன்று 1000 அல்லது அதற்கு மேல் சென்றால் அது கடுமையான டெங்குவின் அடையாளம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்தது. ஒரு நாள் வரவை மட்டும் கண்டு சங்கத்தின் நிலையை நாம் தீர்மானிப்பதில்லை. அடுத்தடுத்த நாட்களின் கணக்கை ஒப்பிடுகிறோம். மருத்துவரும் அவ்வாறே செய்வார்.

ஆனால் நொதி குறைவாயுள்ளது என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணலாகாது. காய்ச்சல் தணியும் வேளையே, அதாவது 3 முதல் 7-ஆம் நாள் வரை, மிகவும் கவனிக்கத்தக்கது. அப்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்தம் கெட்டிப்படக்கூடும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கருமலம், கைகால் சில்லிடுதல், மயக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும், 'காய்ச்சல்தான் விட்டுவிட்டதே' என்று வீட்டில் இராமல், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ உடனே செல்க.

இக்கிருமியைக் கொல்லும் தனி மருந்து இல்லை. கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி அருந்துவதே முதற் சிகிச்சை. பாராசிட்டமாலை மருத்துவர் கூறிய அளவில் மட்டும் உண்க. மிகுந்தால் அதுவே கல்லீரலைக் கெடுக்கும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகள் இரத்தக்கசிவைத் தூண்டுவன, அவற்றைத் தவிர்க்க. மது அறவே கூடாது.

இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. உப்பளத்தின் கரிப்பு நீரில் அது பெருகுவதில்லை. நாம் அரிதாய்ச் சேமித்து வைக்கும் நன்னீர்க் குடத்திலும், பீப்பாயிலும், சாயத் தொட்டியருகே தேங்கிய மழைநீரிலும், தேங்காய்ச் சிரட்டையிலுமே பெருகுகிறது. முட்டை கொசுவாவதற்குச் சுமார் 8 முதல் 10 நாட்கள் ஆகும். ஆதலால் வாரம் ஒரு முறை பாத்திரங்களைக் காலி செய்து, உட்புறம் தேய்த்துக் கழுவி, மூடி வைத்தால் போதும். தேய்ப்பது ஏனெனில், சுவரில் ஒட்டிய முட்டை வறண்டாலும் பல மாதங்கள் உயிருடனிருக்கும்.

ஒரு வீடு மட்டும் கழுவிப் பயனில்லை. அடுத்த வீட்டுக் கொசு நம் வீட்டுக்கும் வரும். எனவே ஒவ்வொரு சங்கமும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, எல்லா வீட்டாரும் அன்றே இப்பணியைச் செய்யுமாறு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறோம். கூட்டுறவு என்பது கடனுக்கும் கொள்முதலுக்கும் மட்டும் உரியதன்று.