கிட்டே போகாதீங்க, அதுக்குத்தானே இந்த லென்ஸ்! - சேதுக்கரையில் கற்ற பறவைப் பாடம்

"இதென்னடா, பீரங்கி மாதிரி இருக்கு?"

திருப்புல்லாணியில் சித்தி வீட்டுத் திண்ணையில் பையைத் திறந்ததும் வந்த முதல் கேள்வி இது. அடுத்தது, "என்ன விலை?" மதுரையில் மூன்று நாள் வாடகைக்கு எடுத்தது என்று சொன்ன பிறகுதான் சித்திக்கு மூச்சு வந்தது.

பீரங்கி என்று அவர் சொன்னது 200-600 எம்.எம் ஜூம் லென்ஸை. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். மிரர்லெஸ் கேமராவையும் மாட்டினால் மூன்று கிலோவை நெருங்கும். ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்தால் தோள்பட்டை கெஞ்ச ஆரம்பித்துவிடும். ஆனால், அந்த மூன்று நாளில் என்னை அதிகம் படுத்தியது எடை அல்ல. இவ்வளவு பெரிய லென்ஸ் கையில் இருந்தால் தூரம் ஒரு பொருட்டே இல்லை என்ற என் நினைப்புதான்.

திருப்புல்லாணி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆதிஜெகநாதப் பெருமாள் கோயிலும் அங்கே தர்ப்பைப் புல்லில் சயனித்திருக்கும் ராமரும்தான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் சேதுக்கரை, கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் கோயில். ஆடி, தை அமாவாசைகளில் முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காது. (பறவை பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.) மற்ற நாட்களில் கோயிலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நடந்தால் கரையில் நீங்களும் உப்புக்கொத்திகளும் மட்டும்தான்.

உப்புக்கொத்தி சின்னப் பறவை. நீளம் 20 சென்டிமீட்டர் பக்கம். எடை என் லென்ஸின் எடையில் 20-ல் ஒரு பங்குகூட வராது. லடாக், திபெத் போன்ற உயரமான இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி நம் கரைக்குக் குளிர்காலம் கழிக்க வருபவை இவற்றில் உண்டு. ஈர மணலில் ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். நாள் முழுக்க இதே வேலை. திரும்பிப் போகும் பயணத்துக்கான கொழுப்பை இந்தக் கரையில்தான் சேர்த்தாக வேண்டும்.

முதல் நாள் நான் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை ஆகிவிட்டது. சித்தி இட்லியை விடவில்லை. தொலைவில் ஏழெட்டு உப்புக்கொத்திகள். லென்ஸை 600-க்குத் திருப்பிக் கண்ணில் வைத்தால், பறவையைக் காணோம்! வெறும் மணல், அப்புறம் வெறும் கடல். புதிதாக டெலிபோட்டோ பிடிப்பவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். 600 எம்.எம்-ல் கேமரா பார்க்கும் கோணம் சுமார் நான்கு டிகிரிதான். ஜூம் லென்ஸின் அருமை இங்கேதான் புரியும். 200-ல் வைத்துப் பறவையைப் பிடித்துக்கொண்டு, பிறகு மெதுவாக 600-க்குப் போகலாம். இன்னொரு வழியும் உண்டு. பறவை மேலிருந்து பார்வையை எடுக்காமல், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு வருவது. குனிந்து கேமராவைப் பார்த்தால் பறவை போச்சு.

ஒருவழியாகக் கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் ஒன்றின் காலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னக் கொடி போன்ற ஒரு வளையம், மேலே எழுத்து!

அது என்ன என்று தெரிந்ததும் கை நடுங்கிவிட்டது. வலசை வரும் பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணோ எழுத்தோ பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். அதே பறவை பிறகு எங்கேயாவது கண்ணில் பட்டால், அது எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை வருடம் வாழ்கிறது என்று தெரியவரும். நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. அந்தக் கழகத்தின் எஸ்.பாலச்சந்திரன் 1980-களிலேயே மண்டபம் பக்கம் கரைப்பறவைகளை ஆராய்ந்தவர். வெறும் உலோக வளையமாக இருந்தால் அதைப் படிக்கப் பெரும்பாலும் பறவையை மறுபடி பிடிக்க வேண்டும். பெரிய எழுத்துள்ள கால்கொடி என்றால் தூரத்திலிருந்து எடுத்த ஒரு தெளிவான போட்டோ போதும். அதைக் கழகத்துக்கு அனுப்பினால் அவர்கள் பதிவேட்டில் தேடிப் பார்ப்பார்கள். வாடகை லென்ஸோடு வந்த ஓர் ஆளும் அறிவியலுக்கு உதவ முடியும் என்பது இப்படித்தான்.

எழுத்தைப் படிக்க முடியவில்லை. பறவை சுமார் 100 மீட்டர் தள்ளி இருந்தது. கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஃபுல்ஃப்ரேம் கேமராவில் 600 எம்.எம் வைத்து 100 மீட்டர் தூரத்தைப் படமெடுத்தால், படத்துக்குள் அடங்குவது 6 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும். அதில் 20 சென்டிமீட்டர் உப்புக்கொத்தி, அகலத்தில் 30-ல் ஒரு பங்கு. அதன் கால், காலில் கொடி, கொடியில் எழுத்து! இதுவே 20 மீட்டர் தூரமென்றால் படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கைப் பறவையே நிரப்பும்.

எனவே, நடந்தேன். பத்து அடி வைத்தேன், அவை பத்து அடி ஓடின. இன்னும் நடந்தேன், இன்னும் ஓடின. நான் வேகமாக எட்டு வைத்தபோது மொத்தக் கூட்டமும் எழும்பி, கடல் மேல் ஒரு வட்டமடித்து, கண்ணுக்கெட்டாத இடத்தில் போய் இறங்கியது.

பின்னாலிருந்து குரல். "ஏன் தம்பி, அதுகளைப் போட்டு விரட்டுறீக?"

கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர். பாறையில் கை கிழியாமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தார்.

"விரட்டலைக்கா, போட்டோ எடுக்கத்தான்..."

"நீங்க போகப் போக அதும் போகத்தான செய்யும்? ஒரே இடத்துல உக்காந்து கெடங்க. அதா வரும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். யூடியூபில் நாற்பது வீடியோ பார்த்துவிட்டு வந்தவனல்லவா நான்.

வீட்டுக்கு வந்து படங்களை லேப்டாப்பில் போட்டபோது இரண்டாவது அடி. அத்தனையும் கலங்கல். ஷட்டர் வேகம் 1/3200. கை ஆட்டம் காரணமில்லை. ஃபோகஸும் சரி. ஆனால், பறவையின் ஓரமெல்லாம் தண்ணீருக்குள் பார்த்ததுபோல் நெளிகிறது. கானல்! மே மாதத் தார் ரோட்டில் பார்ப்போமே, அதேதான். வெயிலில் சூடான மணல் மேலே இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூட்டுக் காற்றும் குளிர்ந்த காற்றும் கலங்கும்போது ஒளி வளைந்து வளைந்து வருகிறது. நீளமான லென்ஸ், பறவையைப் பெரிதாக்கும்போது அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலையுள்ள லென்ஸானாலும் நடுவிலிருக்கும் காற்றை ஒன்றும் செய்ய முடியாது.

கிட்டே போனால் பறவை பறந்துவிடும், தூரத்தில் நின்றால் கானல். மிச்சமிருப்பது அக்கா சொன்ன வழி மட்டும்தான்.

மறுநாள் சூரியன் எழும்புமுன் கரைக்குப் போனேன். சூரியன் முதுகுப் பக்கம் வரும்படி, ஈர மணலுக்குச் சற்று மேலே குப்புறப் படுத்துக்கொண்டேன். லென்ஸுக்குக் கீழே மணல் நிரப்பிய துணிப்பை, சித்தியின் மஞ்சப்பைதான். பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால் பின்னணி கரைந்து பறவை தனியாகத் தெரியும். ஆனால், இது காலையில் மட்டும். வெயில் ஏறினால் தரையை ஒட்டிய காற்றுதான் அதிகம் கொதிக்கும்.

நாற்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. எறும்பு கடித்தது. பிறகு ஓர் உப்புக்கொத்தி ஓடி நின்று, ஓடி நின்று, என்னை ஒரு மரக்கட்டையாக முடிவு செய்துவிட்டு, 15 மீட்டருக்குள் வந்தது.

மிரர்லெஸ் கேமரா தன் வேலையைக் காட்டியது அப்போதுதான். பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் ஒரு கண்ணாடி மேலேயும் கீழேயும் துள்ளும், 'டப டப' என்று சத்தம் வரும். இதில் அந்தக் கண்ணாடியே இல்லை. சென்சார் எப்போதும் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், பறவையின் கண்ணை அதுவே கண்டுபிடித்துப் பின்தொடர்கிறது. எலெக்ட்ரானிக் ஷட்டரில் சத்தம் துளியும் இல்லை. (வேகமாகச் சிறகடிக்கும் பறவையை இந்த ஷட்டரில் எடுத்தால் சில கேமராக்களில் இறக்கை வளைந்து பதியும். பறக்கும் படத்துக்கு மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.) படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதும் எடுக்கும் முன்பே வியூஃபைண்டரில் தெரியும். கொக்கு, நாரை போன்ற வெள்ளைப் பறவைகளை எடுப்பவர்களுக்கு இது வரம். கொஞ்சம் அசந்தால் இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. 600-ல் இந்த லென்ஸின் அபர்ச்சர் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. விடியற்காலை வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ-வை 3200, 6400 என்று ஏற்ற வேண்டிவரும், படத்தில் புள்ளி தட்டும். புள்ளி தட்டிய கூர்மையான படம், சுத்தமான கலங்கல் படத்தைவிட மேல் என்பது என் கட்சி.

இன்றைக்கு நமக்கு இத்தனை வசதி. திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா.கிருஷ்ணன், நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தே பெயர் வாங்கியவர். வெவ்வேறு பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே உருவாக்கிக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அதில் கண்ணைத் தேடித்தரும் வித்தையெல்லாம் கிடையாது.

மூன்றாம் நாளை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். காலையில் ராமநாதபுரம் - கீழக்கரை சாலையை ஒட்டிய சக்கரக்கோட்டை கண்மாய். 2012-ல் பறவைகள் சரணாலயமான இது, 2025-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும் நேரத்தில் போனால் கரையிலேயே நின்றுவிடுங்கள். தாய்ப் பறவை எழும்பினால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகிவிடும். இங்கே 600 எம்.எம் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

மதியத்துக்கு மேல் தனுஷ்கோடி. தமிழக அரசு 2025 ஜூனில் இங்கே சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் வரிசையாக நின்றன, எல்லாம் வெகு தூரத்தில். 600-ல் எடுத்தால் கானல் நெளிவோடு நாலைந்து பறவைகள். 200-க்கு இறக்கியதும் தண்ணீர், மணல், வானம் எல்லாம் சேர்ந்து இளஞ்சிவப்புக் கோடு ஒன்று கிடைத்தது. மூன்று நாளில் எனக்குப் பிடித்த படம் அதுதான். சேற்றில் இறங்கி நடந்தால் என்ன என்று பக்கத்தில் ஒருவர் ஆரம்பித்தார். டீக்கடைக்காரரே அதட்டி உட்கார வைத்துவிட்டார்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோனியின் 200-600 வந்தது 2019-ல். நிகான் 180-600, கேனான் 200-800 இரண்டும் 2023-ல் வந்தன. மூன்றுமே இரண்டு கிலோவை ஒட்டியவை. பட்ஜெட்டும் தோளும் தாங்காதென்றால், கேனானின் 100-400 வெறும் 635 கிராம். சென்சார் சிறியதாக உள்ள ஏ.பி.எஸ்-சி கேமராவில் மாட்டினால் 640 எம்.எம்-க்கு நிகரான பார்வை கிடைக்கும். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் நேரடியாகப் பொருந்தாது என்பதை மறக்க வேண்டாம். முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். வீடு திரும்பியதும் லேசாக ஈரமான துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள்.

கால்கொடி போட்ட அந்த உப்புக்கொத்தியை நான் மறுபடி பார்க்கவில்லை. இரண்டாம் நாள் என் பக்கத்தில் வந்த பறவையின் கால்கள் வெறுமனே இருந்தன. மதுரை பஸ்ஸில் உட்கார்ந்து முதல் நாள் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொடியில் முதல் எழுத்து 'ஏ' மாதிரித் தெரிகிறது, 'ஹெச்' ஆகவும் இருக்கலாம். இரண்டாவது எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கானல்தான் நெளிகிறது.