பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்புற வில்கள்

நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம், குறுகி வளைந்து செல்லும் மலைப்பாதையில் நடைபெறுவதாதலின், அங்கே எஞ்சினின் சக்தியோடு பின்சக்கரங்கள் தரையைப் பற்றிநிற்கும் உறுதியும் சேர்ந்தே பரீட்சிக்கப்படுகிறது. அத்தகைய மலைநாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பேணுவோர், பின்புறத் தாங்கு உறுப்புகளை மாற்றும் வேளையில் எவற்றைக் கருத வேண்டும் என்பதை, 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்.ஜி.பி. காரைக் கொண்டு காண்போம்.

இக்காரின் பின்னச்சைத் தாங்குபவை, எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைத்த இரண்டு வில்கள். பாரம் ஏறி வளைவு தட்டையாகும்போது முனைகளுக்கிடையிலான தூரம் கூடுவதால், முன்முனை நிலையாகப் பூட்டப்பட்டிருக்க, பின்முனை ஷக்கிள் என்னும் அசையும் இணைப்பில் பொருந்தியிருக்கிறது. வில்லின் துள்ளலை அடக்குவது, சிறு வால்வுகளின் வழியே எண்ணெயைச் செலுத்தி அத்துள்ளலின் ஆற்றலை வெப்பமாக மாற்றும் நெம்புகோல் வகை ஷாக் அப்சோர்பர்.

சமதரையில் காரை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை இருபுறமும் அளந்தால், எந்த வில் தளர்ந்தது என்பது புலப்படும். ஆயினும் ஒன்றை மட்டும் மாற்றாது இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே முறை. 1974இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது காரின் உயரம் கூட்டப்பட்டமையாலும், மூடிய கூரையுடைய ஜி.டி. வகை எடை மிக்கதாதலாலும், ஆண்டையும் வகையையும் குறிப்பிடாது வில் வாங்குவது வீண் செலவாகும். பழைய பட்டையை உலையிலிட்டு வளைத்துக்கொள்வதும் உண்டு. முறைப்படி பதமேற்றாவிடின் அது விரைவிலேயே மீண்டும் தாழ்ந்துவிடும்.

வில்லின் முனைகளில் பொருந்தும் புஷ்களில் பொலியூரித்தேன் வகை வளைவுகளில் கட்டுப்பாட்டைக் கூட்டினும், அதிர்வைக் காரின் உடலுக்குக் கடத்துகிறது. ரப்பர் அதனை உள்வாங்கிக்கொள்கிறது. ரப்பர் புஷ் பொருத்துகையில், காரின் பாரம் முழுதும் சக்கரங்களில் இறங்கிய பின்னரே போல்ட்டை இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்குண்டு நின்று விரைவில் கிழியும்.

ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 600 மீட்டர் உயரும் பாதையிலும், அதனினின்று பிரியும் கரடான தோட்டப் பாதைகளிலும், வில் அமுங்கி எழப் போதிய இடம் வேண்டும். ஆதலின் பந்தய மோகத்தால் காரைத் தாழ்த்தும் கடின வில்களை நாடாது, ஆதி அளவிலான வில் ஜோடியையும், ரப்பர் புஷ்களையும், வில்லை அச்சோடு பிணைக்கும் புதிய யூ போல்ட்களையும் ஒருசேரத் தேர்ந்து, ஷாக் அப்சோர்பரில் எண்ணெய்க் கசிவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்வதே மலைநாட்டாருக்கு உகந்தது.