பேறுகாலத் தாய்வீடும் தம்பதியர் மனநலமும்

ஈன்ற அணிமைப் பொழுதைத் தொல்காப்பிய உரியியல் 'புனிறு' என்னும் சொல்லால் குறிக்கிறது. முதற்பேற்றின்போது அப்பொழுதில் பெண்ணைத் தாய்வீட்டில் வைத்துப் பேணுவது தமிழகத்தில் இன்றும் பரவலான வழக்கம். வளைகாப்பிட்டு அழைத்துச் செல்லப்படும் பெண்ணுக்குப் பத்தியச் சோறும் ஓய்வும் குழந்தையை ஏந்த உதவிக் கைகளும் அங்குக் கிடைக்கின்றன.

ஆயினும், தாய்வீடு என்பதனாலேயே அது புகலிடமாகிவிடுவதில்லை. வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் 359 கருவுற்ற பெண்களைத் தேர்ந்து, பேற்றுக்குப்பின் 6 முதல் 12 வாரங்களில் மீண்டும் அணுகிய ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. புதிதாக மனச்சோர்வுற்றோர் 11 விழுக்காட்டினர் என அது கண்டறிந்தது. வறுமை, ஆண்மகவை விரும்பிய நிலையில் பெண்மகவு பிறத்தல், உடலுழைப்பில் துணையின்மை, மாமியாருடன் பிணக்கு ஆகியவற்றோடு பெற்றோருடனான பிணக்கும் அதில் காரணியாக இடம்பெற்றுள்ளது. இக்கடைசிக் காரணியே வழக்கத்தை மறுபார்வைக்கு உட்படுத்துகிறது. முதற்பேற்றின் செலவைப் பிறந்தகமே ஏற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நலிந்த குடும்பத்தில் பெற்றோரின் கடன் மகளின் கண்ணெதிரே வளர்கிறது. அக்குற்றவுணர்வை அவள் யாரிடம் கூறுவாள்?

கணவனோ அவ்வீட்டில் விருந்தினன். சில மாதங்கள் கழித்துத் தாயும் சேயும் திரும்பும்போது, குழந்தையின் அழுகையைப் பிரித்தறியும் பழக்கம் அவனுக்கு வாய்த்திருப்பதில்லை. மனைவியின் உறக்கமற்ற இரவுகளையும் அவன் கண்டதில்லை. இருவரும் பெற்றோராதலை வெவ்வேறு வீடுகளில் தொடங்குகின்றனர். அவனது அச்சத்தை வினவும் மரபு குடும்பத்திலும் இல்லை. மருத்துவத்திலும் அது பிந்தியே வந்தது. 1987இல் வெளியான எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலின் 10 வினாக்களும் தாய்க்கென அமைக்கப்பட்டவை. தந்தையரிடம் அவற்றைப் பயன்படுத்தியது பிற்காலத்தில்தான்.